மூன்றுக்கு அடுத்தது ஐந்து

அச்சகத்தில் அவருக்குக் கமா என்று பெயர். விட்டுப்போன ஒரு கமாவுக்காக ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தையே நிறுத்தச் சொன்னவர். படித்தது பள்ளி இறுதி வரைதான். புரூஃப் பார்க்க வந்த இடத்தில் கிரேக்க எழுத்துகளைக் கற்றுக்கொண்டு, அகராதியோடு மல்லுக்கட்டி, வேதாகம விளக்கவுரை எழுதும் பேராசிரியர்களின் பிழைகளையே சுட்டிக்காட்டும் அளவுக்கு வந்திருந்தார்.

அவர் மனைவியும் அதே அச்சகத்தில் வேலை பார்த்தவர். புரூஃப் பார்க்க இருவர் வேண்டும். ஒருவர் மூலப்பிரதியை நிறுத்தற்குறிகளோடு உரக்க வாசிப்பார். மற்றவர் அச்சான தாளில் பென்சிலோடு பின்தொடர்வார். மூலம் வாசித்தது அந்தம்மா. பதினாறு வருடங்களுக்கு முன் அச்சகத்து மாடிப்படியில் சறுக்கி விழுந்ததில் முதுகெலும்பு போயிற்று. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அதன்பின் கமா தாள்களை வீட்டுக்கு எடுத்துப்போனார். அந்தம்மா கட்டிலில் படுத்தபடியே வாசித்தார்.

"என்ன கமா, மூலம் எப்படி இருக்கு?" என்று பைண்டர் தினமும் கேட்பார்.

"உன் மூலத்துக்குத் தேவலை."

யோவான் சுவிசேஷத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் ஒரு குளம் வருகிறது. அதன் கரையில் நோயாளிகள் கிடக்கிறார்கள். எப்போதாவது ஒரு தேவதூதன் இறங்கித் தண்ணீரைக் கலக்குவான் என்றும், கலங்கியதும் முதலில் இறங்குபவர் குணமாவார் என்றும் நான்காம் வசனம் சொல்கிறது. அந்தம்மா பிடித்துக்கொண்டிருந்தது அந்த வசனத்தை. காலைதோறும் கமா அவர் கால்களை அரை மணி நேரம் மடக்கி நீட்டிவிடுவார். அந்தம்மாவுக்கு வலி இல்லாவிட்டாலும் மூச்சு வாங்கும். "தண்ணி கலங்கறப்ப காலு தயாரா இருக்க வேணாமா? நல்லா மடக்குங்க" என்பார் அந்தம்மா. கால்களை விட்டுவிட்டால் முடங்கிப்போகும், முதுகில் புண் வரும், புண் வந்தால் தாங்காது என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

அந்த வருடம் ஒரு பேராசிரியரின் யோவான் விளக்கவுரை அச்சுக்கு வந்தது. ஐந்தாம் அதிகாரத்தில் வசன எண் மூன்றுக்கு அடுத்து ஐந்து என்றிருந்தது. விடுபாட்டுக் குறி போடக் கமா பென்சிலை வைத்துவிட்டார். பிறகுதான் அடிக்குறிப்பைப் பார்த்தார். மிகப் பழைய பிரதிகளில் நான்காம் வசனம் இல்லை. அதிலுள்ள சில சொற்களை இந்தச் சுவிசேஷம் வேறெங்கும் பயன்படுத்தவில்லை. யாரோ ஒரு வாசகர் ஓரத்தில் எழுதிய விளக்கத்தைப் பின்னால் வந்த எழுத்தர் உள்ளே சேர்த்திருக்க வேண்டும்.

கமாவால் இதைச் சந்தேகிக்க முடியவில்லை. ஒருமுறை அவர் ஒரு பிரசங்கத் தொகுப்பின் ஓரத்தில் 'இது சரியா, ஐயாவைக் கேட்கவும்' என்று எழுதியது அப்படியே பிரசங்கத்துக்குள் அச்சாகி, விற்றும் போயிருக்கிறது. ஓரத்தில் எழுதியது எப்படி உள்ளே வரும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனாலும் பேராசிரியரிடம் போய் நின்றார். "சார், அடைப்புக்குறிக்குள்ள போட்டு அந்த வசனத்தை மேலயே வச்சுட்டா என்ன?"

"யோவான் எழுதாததை யோவான் தலையில கட்டவா?" பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்களா இதைக் கேக்கறீங்க, கமா?"

கமாவுக்கு முகம் செத்துவிட்டது. ஐந்தாம் அதிகாரத்தை மட்டும் அலுவலகத்திலேயே தனியாகப் பார்த்துவிட்டு, மீதியை வீட்டுக்குக் கொண்டுபோனார்.

அந்தம்மா தாளைப் புரட்டினார். "நாலாம் அதிகாரம் முடிஞ்சு ஆறு இருக்கு. அஞ்சு எங்க?"

"அதை நான் பாத்துட்டேன்."

"யாரு வாசிச்சா?"

"நானேதான்."

"நீங்களே வாசிச்சு நீங்களே பாத்தா அது புரூஃபா? குருடன் கண்ணாடி பாத்த கதைதான். நாளைக்கு எடுத்துட்டு வாங்க."

மறுநாள் சாயங்காலம் கொண்டுவந்தார். அந்தம்மா வாசிக்க ஆரம்பித்தார். மூன்றாம் வசனம் முடிந்தது. ஐந்து என்று சொல்லி நிறுத்தினார். "நாலு விட்டுப்போச்சு. குறி போடுங்க."

கமா போடவில்லை.

"என்னங்க, கை மரத்துப்போச்சா?"

"விட்டுப்போகல. கீழ பாரு."

அந்தம்மா அடிக்குறிப்பை வாசித்தார். பழக்கம் விடவில்லை. "மிகப் பழைய பிரதிகளில் நான்காம் வசனம் இல்லை அரைப்புள்ளி" என்று தொடங்கி முற்றுப்புள்ளி வரை ஒரு குறியைக்கூட விடாமல் வாசித்து முடித்தார்.

"ஏழாம் வசனத்துல தண்ணி கலங்கறது இருக்கும்மா" என்றார் கமா. "அதை யாரும் எடுக்கல."

"அது நோயாளி சொல்றது. கலங்கறப்ப என்னைத் தூக்கி இறக்கிவிட ஆளில்லைங்கறான். தேவதூதன் கலக்குறான்னு அவன் சொல்லல, எழுதினவரும் சொல்லல." தாளை நேராக்கினார். "முப்பத்தெட்டு வருஷம், யாரோ சொன்னதைக் கேட்டுக் கிடந்திருக்கான்."

"கடைசியில குணமாயிட்டானே."

"அந்தக் குளத்துல இறங்கியா குணமானான்?"

கமா பென்சிலை அடுத்த வரிக்கு நகர்த்தினார். அந்தம்மா அதிகாரத்தை முடித்தார். கமா கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை அவர் போர்வையை விலக்கியபோது, "விடுங்க, போதும்" என்றார் அந்தம்மா. கமா கெஞ்சிப் பார்த்தார். கோபித்தும் பார்த்தார். "யாருக்காக மடக்கறீங்க? உங்களுக்காகன்னா மடக்கிக்குங்க." அவர் மடக்கினார். அந்தம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பத்து நாளில் கமாவும் விட்டுவிட்டார்.

வாசிப்பு மட்டும் நடந்தது. குரலில் உயிரில்லை, சில இடங்களில் புள்ளிகளைச் சொல்லாமலே போனார். கமா திருத்தவில்லை. இரண்டாம் மாதம் முதுகில் புண் வந்தது. நான்காம் மாதம் காய்ச்சல் மூன்று நாள் விடாமல் அடித்து, அந்தம்மா இறந்துபோனார்.

புத்தகம் அதற்குப் பிறகுதான் வெளிவந்தது. ஒரு பள்ளி ஆசிரியை கடிதம் எழுதினார்: பதினோராம் அதிகார விளக்கத்தில் ஓரிடத்தில் பொருள் அறுந்து நிற்கிறது, ஒரு வரி காணவில்லை போலிருக்கிறது. கமா மூலப்பிரதியை எடுத்துப் பார்த்தார். அடுத்தடுத்த இரண்டு வரிகள் ஒரே சொல்லில் முடிந்திருந்தன. அச்சுக் கோத்தவரின் கண் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவியிருக்கிறது. வாசித்தவரின் கண்ணும் அங்கேயே தாவியிருக்கிறது.

மேனேஜர் கூப்பிட்டார். "உங்க கையால இப்படி ஒண்ணு போனதே இல்லையே, கமா. மேலிடத்துல எழுத்துல விளக்கம் கேக்கறாங்க. மூலம் வாசிச்சது உங்க வீட்டம்மாதானே? அதையே எழுதிடுங்க, யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க."

கமா தாளை வாங்கி எழுதினார்: 'பதினோராம் அதிகாரத்தை மூலம் வாசிக்க ஆள் இல்லாமல் நான் தனியாகப் பார்த்தேன். பிழை என்னுடையது.' ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.