எண்ணெய்க் கிணற்று மாப்பிள்ளையும் என் முருகனும்

என் மகள் கலைச்செல்விக்கு நிச்சயம் ஆன மூன்றாம் மாதம் மாப்பிள்ளைக்குச் சம்பளம் ஏறிவிட்டது. அன்றைக்குப் பிடித்தது எங்களுக்குச் சனி.

எண்பதுகளின் தொடக்கம் அது. நெய்வேலி டவுன்ஷிப்பில், ஒரு பிளாக்கில் கம்பெனி குவார்ட்டர்ஸில் இருந்தோம். என் வீட்டுக்காரர் சுரங்கத்தில் மெக்கானிக். கலை எலக்ட்ரிகல் எஞ்சினியரிங் முடித்து, அனல்மின் நிலையத்தில் அப்போதுதான் ட்ரெயினியாகச் சேர்ந்திருந்தாள். மாப்பிள்ளை சேகர் பெட்ரோலிய எஞ்சினியர். பம்பாய்ப் பக்கம் கடலுக்குள் எண்ணெய்க் கிணறு தோண்டும் கம்பெனியில் வேலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் அப்பா வந்தார். காபியை ஒரு வாய் குடித்துவிட்டு ஆரம்பித்தார்.

“பையனுக்குச் சம்பளம் ஏறிடுச்சிங்க. ஆயில்ல இருக்கிற எஞ்சினியருக்கு இப்ப மார்க்கெட்டே வேற. கடலூர்ல ஒருத்தர் காரே குடுக்கிறேன்னு நிக்கிறாரு. நாங்க வார்த்த மாறமாட்டோம். பேசினத நீங்கதான் கொஞ்சம் ஏத்திப் பாக்கணும்.”

மாட்டுச் சந்தையில்கூடத் துண்டுக்குள் கையை மறைத்துத்தான் விலை பேசுவார்கள். இந்த மனுஷன் என் வீட்டு நடுக்கூடத்தில் பேசினார். என் வீட்டுக்காரர் தலையாட்டினார். எனக்கு நெஞ்சு கொதித்தது. டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். விருந்தாளி முன்னால் குரல் உயர்த்திப் பழக்கமில்லை எனக்கு.

அவர் போனதும் வீட்டுக்காரர் சொன்னார்: “நிச்சயம் நின்னுபோச்சுன்னா பிளாக்குல தல காட்ட முடியுமா, பட்டு? ஒன் தோப்பக் குடுத்துரலாம்.”

காடாம்புலியூரில் என் அம்மா எனக்கென்று எழுதிவைத்த முந்திரித் தோப்பு அது. எனக்கென்று இந்த உலகத்தில் இருந்தது அது ஒன்றுதான்.

முருகன் கோயிலுக்குப் போனேன். எல்லாரும் அங்கே அழுவார்கள். நான் சண்டை போட்டேன்.

“வேலப் புடிச்சிக்கினு நிக்கிறியே, எதுக்கு? எம் பொண்ணும் கண்ணு முழிச்சித்தான படிச்சா? அவன் படிப்புக்கு மட்டும் வெல ஏறுது, எம் பொண்ணு படிப்பு என்னா தவிடா? தோப்பும் போவக்கூடாது, கல்யாணமும் நிக்கக்கூடாது. பணத்துக்கு வழி பண்ணு. இல்லன்னா இனிமே ஒன் வாசப்படி மிதிக்கமாட்டேன்.”

திருநீறு வாங்காமல் திரும்பி வந்தேன்.

பணம் எங்கிருந்தும் வரவில்லை. தோப்புக்கு ஆள் பார்த்தாயிற்று. மறுநாள் முன்பணம் வாங்க வேண்டும். அன்று சாயங்காலம் மாப்பிள்ளையின் அப்பா மறுபடி வந்தார்.

“இன்னும் ஒண்ணே ஒண்ணுங்க. பையன் பாதி நாள் கடல்லதான் இருப்பான். பொண்ணு இங்கியே வேல பாக்கட்டும். சம்பளம் எங்க கைக்கு வந்துடணும். ட்ரெயினி சம்பளம் பெருசா ஒண்ணுமில்ல. நாளைக்கு பர்மனென்ட் ஆயிடுவால்ல.”

கலை அப்போதுதான் வேலை விட்டு வந்து, கையில் ஹெல்மெட்டோடு வாசலில் நின்றாள். எல்லாம் காதில் விழுந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தேன்.

“ஏந்திரிங்க” என்றேன்.

அவருக்குப் புரியவில்லை.

“எங்கம்மா தோப்பும் ஒங்களுக்கு, எம் பொண்ணு சம்பளமும் ஒங்களுக்கு. அப்ப எம் பொண்ணுக்கு என்னா? ஒங்க புள்ளைக்குச் சம்பளம் ஏறுனா அவனுக்குப் பாயசம் வச்சிப் போடுங்க. என் வூட்ல வந்து கை நீட்டாதீங்க. கெளம்புங்க!”

“பட்டு!” என்று வீட்டுக்காரர் அதட்டினார். நான் நிறுத்தவில்லை. அந்த மனுஷன் செருப்பு மாட்டும்வரை வாசலிலேயே நின்றேன். எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. திறக்கட்டும்.

அந்தக் குரல் என்னுடையது இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன். பணம் கேட்டுச் சண்டை போட்டவளுக்கு, முருகன் கோபத்தைக் கொடுத்து அனுப்பியிருந்தார்.

அடுத்த மாதம் சேகர் லீவில் வந்தார். “அப்பா பேசுனது எனக்குத் தெரியாதுங்க” என்றார்.

கலைதான் கேட்டாள்: “சம்பளம் ஏறுனத அப்பாகிட்ட சொன்னது நீங்கதான? அவர் அத வச்சி என்ன பண்ணுவாருன்னு தெரியாத அளவுக்கு நீங்க சின்னப் பிள்ளையா?”

சேகர் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அதோடு நிச்சயம் முறிந்தது; தோப்பு என் பேரிலேயே தங்கியது.

என் வீட்டுக்காரர் ஆறு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. “நிச்சயம் நின்ன பொண்ணு” என்று கம்பெனி பஸ்ஸில் கலையின் காதுபடவே பேசினார்கள். அவள் அதே பஸ்ஸில் தினமும் போனாள். பர்மனென்ட் ஆனாள். பிறகு ஒரு பள்ளி ஆசிரியரைக் கட்டிக்கொண்டாள், அதே முருகன் சன்னிதியில். மாலை மாற்றியதோடு சரி, கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லை. என் மகளைவிட இந்த மாப்பிள்ளைக்குச் சம்பளம் குறைவு. ஊர் அதற்கும் சிரித்தது. கல்யாணத்தன்று முன்வரிசையில் உட்கார்ந்து அழுதவர் என் வீட்டுக்காரர்தான்.

இன்றைக்கும் ஆயில் எஞ்சினியருக்கு என்ன விலை, டாக்டருக்கு என்ன விலை என்று கோயில் பிராகாரத்திலேயே பேசுகிறார்கள். கேட்டால் எனக்கு வயிறு எரிகிறது. அந்த எரிச்சலை ஆற்று என்று நான் முருகனிடம் கேட்பதில்லை. கொடுத்ததே அவர்தானே.

பெண்ணைப் பெற்ற தாய்மார்களே, பொறுமை கொடு என்று மட்டும் வேண்டிக்கொண்டு நிற்காதீர்கள். கோபம் இருந்தால் கோபத்தோடேயே போங்கள். என் முருகன் தாங்குவான். கேட்டதைத் தராவிட்டாலும், பேச வேண்டிய இடத்தில் பேச ஒரு வாயைத் தருவான்.