நான்சி கொண்டுவந்த ஆயா

என் உடன்பிறந்த அக்காவை, ஒரு வகுப்பே பார்த்திருக்க, யாரோ ஒருத்தியாக்கினேன். உங்களிடம் ஒப்புக்கொள்ள வந்தது இதைத்தான்.

நாடு விடுதலையடைந்து பத்தாண்டு ஆகியிருந்தது. பெங்களூரில், அமெரிக்கப் பாடத்திட்டத்தில் நடந்த ஒரு பள்ளியில் நான் உதவி ஆசிரியை. குடும்பம் மதராஸில் வசதியாக இருப்பதாக அங்கே சொல்லிவைத்திருந்தேன். பொய்! பெங்களூரிலேயே, அல்சூரில் ஓர் ஓட்டு வீட்டில் அக்காவோடு குடியிருந்தேன். அவள் ஓர் அமெரிக்கர் வீட்டில் ஆயா. அந்தச் சம்பளத்தில்தான் நான் கான்வென்டில் படித்தேன்.

அந்த வீட்டில் அவள் வளர்த்த சிறுமி நான்சி என் வகுப்புக்கே வந்து சேர்ந்தாள். "ஸ்கூல்ல யாருக்கும் தெரிய வேணாம்க்கா" என்றேன். அக்கா சிரித்துக்கொண்டே தலையாட்டினாள்.

வெள்ளிக்கிழமைதோறும் அங்கே ஒரு வழக்கம். பிள்ளைகள் தமக்குப் பிடித்த ஒன்றை வீட்டிலிருந்து கொண்டுவந்து, எல்லோருக்கும் காட்டிப் பேச வேண்டும். முயல், பொம்மை, கிளிஞ்சல்... ஒரு வெள்ளியன்று நான்சி, அக்காவின் கையைப் பிடித்து இழுத்துவந்தாள்.

நடுவில் முக்காலி போட்டு உட்காரவைத்தார்கள். வளையலைத் தொட்டார்கள், தலையெண்ணெயை முகர்ந்து பார்த்தார்கள். அவளுடைய அரைகுறை பட்லர் இங்கிலீஷ் பிள்ளைகளுக்குப் புரியாதென்று, பெரிய டீச்சர் என்னை மொழிபெயர்க்கச் சொன்னார். குதிகால் ஏன் இப்படி வெடித்திருக்கிறது என்றான் ஒருவன். அதையும் கூசாமல் தமிழில் கேட்டேன். சீ... நானும் ஒரு பிறவியா!

இவளுக்குக் குடும்பம் உண்டா என்றாள் ஒரு சிறுமி. கேட்டேன். என்னைக் கைகாட்டிவிடுவாளோ என்று பயந்தேன். அக்கா என்னையே பார்த்தாள்.

"எனக்கு யாரும் இல்லீங்க மிஸ்."

அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்... நிம்மதியில்! அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்றும் குமட்டுகிறது.

மாலையில் வழக்கம்போல் சோறு போட்டாள். "சாப்பிடுங்க மிஸ்" என்றாள். கேலி என்று நினைத்தேன். ஆனால் கிரேசு என்று என்னை அவள் அதன்பின் கூப்பிடவே இல்லை.

ஏழெட்டு வருடம் கழித்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும் "மிஸ், தண்ணி" என்றுதான் கேட்டாள். இந்தம்மா உங்கள் வீட்டு ஆயாவா என்று நர்ஸ் என்னைக் கேட்டாள். நான் வாய் திறக்குமுன், அக்கா ஆமாம் என்று தலையாட்டினாள்.

நான் மறுக்கவில்லை.