நல்ல பேர் வாங்கப் போன ரத்தம்

எங்கள் ஆட்கள் ரத்தப் பரிசோதனைக்குத் தயாராகும் அழகே தனி. கிளினிக்குக்குப் போகும் வாரம் சீனி கிடையாது, எண்ணெய் வழியும் ரொட்டி சானாய் கிடையாது. ரத்தம் கொடுத்த கையோடு கடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஈடுகட்டிவிடுவோம். நோய் தெரியவேண்டும் என்பதற்காக யார் போகிறார்கள்? பாஸாகத்தான் போகிறோம். ஈப்போவில் இந்தக் கலையில் என்னை மிஞ்ச ஆளில்லை என்றிருந்தேன். மிஞ்சியவள் என் வீட்டிலேயே இருந்தாள்.

என் மனைவிக்கு லூபஸ். உடம்பைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் செல்கள் உடம்பையே தாக்கும் நோய். போன தடவை அது சத்தமில்லாமல் சிறுநீரகம்வரை போய்விட்டது. அடுத்த தடவை முன்கூட்டியே பிடித்துவிட வேண்டும் என்பதுதான் எங்கள் ஒரே கவலை. ஆனால் டாக்டர் கேட்டால் அவள் பதில் எப்போதும் “ஓகேலா டாக்டர்.” சுங்கை சிப்புட் ரப்பர்த் தோட்டத்தில், உடம்பு முடியவில்லை என்று நின்றவர்களைக் கணக்கெழுதும் கிராணி பொய்க்காரர்கள் என்று விரட்டுவதைப் பார்த்து வளர்ந்தவள்.

ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சிக்கு ரத்தம் கேட்டார்கள். ஆராய்ச்சி செய்பவர் சித்தியவான் ஊர்ப் பெண். செல்லுக்குள் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற பொடித் துணுக்குகள் இருக்கின்றனவாம். எந்த மரபணு பேசலாம், எது வாயை மூடவேண்டும் என்று பார்த்துக்கொள்வது அவற்றின் வேலை. எங்கள் வீட்டில் அதை மனைவி பார்க்கிறாள். எதிர்ப்புச் செல்களில் அவற்றின் அளவு மாறுவதை வைத்து நோயை அடையாளம் காணமுடியுமா என்பதுதான் ஆராய்ச்சி.

“அண்ணே, நீங்களும் குடுங்க. நோய் இல்லாத ஆளும் வேணும், ஒப்பிட்டுப் பார்க்க” என்றார் என்னிடம்.

இந்தத் தொப்பையை ஆரோக்கியம் என்று அறிவியல் ஏற்றுக்கொண்டது அன்றுதான்.

ஊசி குத்துமுன் அந்தப் பெண் மனைவியிடம் கேட்டார். “மாத்திரை எப்பவும் போலத்தானேக்கா?”

“ஸ்டீராய்டு மட்டும் கொஞ்சம் கூடப் போட்டேன், ரெண்டு நாளா.”

“ஐயோ, ஏன்கா?”

“கை வீங்கிப் போயிருந்திச்சு. அதோட வந்தா நல்லாவா இருக்கும்?”

“வீங்குன கைதான்கா எனக்கு வேணும்! மாத்திரை கூடுனா அந்த அளவெல்லாம் மாறிப் போயிரும். மேக்கப் போட்ட ரத்தத்துல நான் என்னத்தப் பார்க்கிறது?”

“கல்யாணத்துக்கே இவ்ளோ மேக்கப் போடல” என்றேன்.

“நீங்க பேசாதீங்க. ஒரு வாரமா ஓட்ஸா தின்னுட்டு வந்திருக்காரு, கேளும்மா.”

அந்தப் பெண் ஊசியை மூடி வைத்துவிட்டு, எங்களை நேராக டாக்டரிடம் அழைத்துப் போனார். டாக்டர் வழக்கம்போல் எப்படி இருக்கிறீர்கள் என்றார். மனைவி என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

“வலிக்குது டாக்டர்,” என்றாள். “ஒரு மாசமாவே வலிக்குது.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். சொந்த வைத்தியத்துக்குத் திட்டு விழுந்தது. சிறுநீர்ப் பரிசோதனை, புது மருந்து. இந்த முறை சிறுநீரகம் தப்பித்தது.

மாத்திரை அளவு சீரான பிறகு இருவரும் போய் ரத்தம் கொடுத்தோம். இன்னும் நிறையப் பேரிடம் பார்க்கவேண்டுமாம், முடிவு எங்களுக்கு உடனே உதவாதாம். உதவும் நாள் வரும் என்று நம்புகிறேன். அதுவரை முன்னெச்சரிக்கை வேலையை மனைவியே ஏற்றுக்கொண்டிருக்கிறாள். விடிந்ததும் எந்த விரல் எப்படி, எந்த முட்டி எப்படி என்று முழுச் செய்தி வாசிக்கிறாள். என்னால் பேப்பர் படிக்க முடிவதில்லை. வாசிக்கட்டும்.