இதுவரை யாருமே ஆராயாத புடவை நிறங்கள்

நேற்று சாயங்காலம் அசோக் நகரில் மல்லிகா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நான் நன்றாக மாட்டிக்கொண்டேன்.

மல்லிகா என்னோடு எம்.ஃபில். படித்தவள். இப்போது ஸ்கூலில் இங்கிலீஷ் டீச்சர். நான் காலேஜில் பாடம் எடுக்கிறேன். வெளிநாட்டு ஜர்னல் ஒன்றில் கட்டுரை வந்தால்தான் எனக்கு ப்ரமோஷன் (தலை நரைத்தாலும் பரீட்சை விடுவதில்லை).

அனுப்பும் முன் பிழை பார்க்க அவளை விட்டால் ஆள் கிடையாது. ப்ரிண்ட் எடுத்துக்கொண்டு போனேன்.

கட்டுரை, தி.நகர் புடவைக் கடை சேல்ஸ்மேன்கள் நிறங்களுக்குச் சொல்லும் பெயர்களைப் பற்றியது. வெங்காயச் சருகு, மயில் கழுத்து, கத்தரிப்பூ, பாக்குக் கலர்.

இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்கு ஒரு விளக்கம். ஆங்கிலத்தில் ஆய்வுக் கட்டுரை எழுதினால், 'இதை ஏன் செய்தாய்?' என்பதற்கு முன்னுரையிலேயே பதில் சொல்லியாக வேண்டும்.

பிடித்திருந்தது, செய்தேன் என்று எழுத முடியாது.

முதலில், இந்த விஷயம் உலகத்துக்கே முக்கியம் என்று சொல்ல வேண்டும். அடுத்து, இதைப் பற்றி முன்பே எழுதிய நாலு பெரிய மனிதர்களுக்குக் கும்பிடு. அப்புறம் ஒரு 'ஆனால்'. ஆனால், இந்த ஒரு மூலையை மட்டும் யாரும் பார்க்கவில்லை என்று சொல்லி, அங்கே நாம் உட்கார்ந்துவிட வேண்டும். (பஸ் ஜன்னல் வழியாகக் கர்ச்சீப் போட்டு சீட் பிடிக்கிறோமே, அதேதான்.)

இத்தனை வருடமாக மாணவர்களுக்கு இதைத்தான் சொல்லித் தருகிறேன். 'யாரும் பார்க்கவில்லை' என்ற அந்த வரியை என் விரல் தானாகவே டைப் அடித்துவிடும்.

மல்லிகா கண்ணாடியை மாட்டிக்கொண்டு சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தாள். முதல் பக்கத்தில் இரண்டு கமா போட்டாள். இரண்டாவது பக்கத்தில் பேனா நின்றுவிட்டது.

அங்கே, 'நாங்கள் அறிந்தவரை, இந்தப் பெயர்களை இதுவரை எவரும் ஆராய்ந்ததில்லை' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். (தனியாக எழுதினாலும் 'நாங்கள்'தான். அப்படி ஒரு பழக்கம்.)

"யாருமேவாடி?" என்றாள்.

"டேட்டாபேஸ் ஃபுல்லா தேடிட்டேன்டி. ஒண்ணுமே இல்ல."

"அப்ப நான் பண்ணதுக்குப் பேர் என்ன?"

எனக்கு முகம் சுண்டிப்போனது.

மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். எல்லாமே ஞாபகம் இருந்தது. ஆனால் அதை ஓர் ஆய்வு என்று நான் வைத்துக்கொள்ளவே இல்லை. எங்களுடைய காலேஜ் நாட்கள் என்று வைத்திருந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் பனகல் பார்க்கில் இறங்குவோம். கடையில் நான் கல்யாணப் பெண் மாதிரி புடவைகளைத் தோளில் போட்டுப் பார்ப்பேன். அவள் தங்கை மாதிரி பக்கத்தில் உட்கார்ந்து, ஹேண்ட்பேக்குக்குப் பின்னால் நோட்டை வைத்து, சேல்ஸ்மேன் சொல்லும் பெயர்களைத் தன் எம்.ஃபில். ஆய்வுக்காக எழுதுவாள்.

"பச்சையும் இல்லாம நீலமும் இல்லாம ஒண்ணு வேணும்ணா."

"மயில் கழுத்துன்னு சொல்லுங்கக்கா. எடுத்துப் போடுதேன்."

அந்தத் திருநெல்வேலிக்கார சேல்ஸ்மேன் அண்ணன் மூன்றாவது வாரம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நீங்க வாங்க வரலன்னு முத நாளே தெரியும்க்கா. மத்தியானம் யாவாரம் கிடையாது. நல்லா வெளிச்சத்துல வச்சே எழுதுங்க."

திரும்பி வரும்போது மயிலாப்பூரில் ஆளுக்கொரு ரோஸ்மில்க். அந்த நாட்களை நினைத்தால் இன்னும் நாக்கில் அந்த இனிப்பு வருகிறது.

மல்லிகா தன் ஆய்வேட்டின் முன்னுரையை முதலில் எப்படித் தொடங்கியிருந்தாள் என்பதும் ஞாபகம் இருக்கிறது. 'என் அம்மா கடையில் கையை ஆட்டி, அந்த மாதிரி ஒரு கலர் என்பாள். கடைக்காரர் சரியாக அதையே எடுத்துப் போடுவார். எப்படி என்று தெரிந்துகொள்ள ஆசை.'

கைடு அதை அடித்துவிட்டார். "இதெல்லாம் காரணம் ஆகாதும்மா. யாரும் பண்ணலன்னு எழுது."

எழுதினாள். அப்போது அது உண்மை.

அப்புறம் அவள் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது. பிஎச்.டி. சேரவில்லை. ஸ்கூல் வேலைக்குப் போய்விட்டாள்.

"சாரிடி. இப்பவே உன் பேரைச் சேத்துடறேன்" என்றேன்.

சொல்லும்போதே ஒரு நினைப்பு ஓடியது. அதையும் சொல்லிவிடுகிறேன். அவள் உள்ளே வந்தால் என் 'யாருமே' போய்விடும். அது போனால், நீ புதிதாக என்ன செய்தாய் என்று ஜர்னல்காரர்கள் கேட்பார்கள். ப்ரமோஷன் தள்ளிப்போகும்.

அவளுக்கு என் முகம் பார்த்தே தெரிந்திருக்க வேண்டும். எழுந்து போய் அலமாரி மேலிருந்து கறுப்பு பைண்டு போட்ட தன் ஆய்வேட்டை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தாள்.

"பாவம் பாத்துப் போடாத. படி. உருப்படியா இருந்தா போடு, இல்லன்னா விட்டுடு."

இன்று காலை அபிராமபுரத்தில், என் வீட்டு பால்கனியில் உட்கார்ந்து படித்தேன்.

வாடிக்கையாளர் நிறத்தின் பெயரைத் தப்பாகச் சொன்னால் சேல்ஸ்மேன் திருத்துவதில்லை. அவரும் பில் போடும்வரை அந்தத் தப்பான பெயரையே சொல்கிறார். போன வருடம் நான் கண்டுபிடித்ததாகக் குதித்த விஷயம் இது. மல்லிகாவின் மூன்றாவது அத்தியாயத்தில் இருக்கிறது, என்னுடையதை விடத் தெளிவாக.

கடைசியில்தான் நன்றியுரைப் பக்கத்துக்குத் திரும்பினேன்.

கைடு, லைப்ரரியன், அம்மா, அப்பா. அதற்குக் கீழே:

'வாங்காத புடவைகளையெல்லாம் தோளில் போட்டுக்கொண்டு எனக்காக மணிக்கணக்கில் நின்ற தோழிக்கு. அவள் இல்லாமல் இந்த ஆய்வு இல்லை.'

பக்கத்தில் இனிஷியலோடு என் பெயர்.

காபி ஆறிப்போகும்வரை அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழுதேன், மறைக்க ஒன்றுமில்லை.

அப்புறம் லேப்டாப்பைத் திறந்து என் கட்டுரையில் 'எவரும் ஆராய்ந்ததில்லை' என்ற அந்த வரியை அழித்தேன். இந்தப் பெயர்களை முதலில் ஆராய்ந்தவர் மல்லிகா என்றும், இந்தக் கட்டுரை அவர் நிறுத்திய இடத்திலிருந்து தொடங்குகிறது என்றும் எழுதி, போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பினேன்.

ஸ்கூல் இன்டர்வெலில் பதில் வந்தது.

"முழுசா படிச்சியா?"

"அட்டை டு அட்டை."

"அப்ப சரி. ரெண்டாவது வரில ஒரு கமா விட்டுட்ட பாரு."

போட்டுவிட்டேன்.