உட்டுப்போட்டாங்க

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. கோவை கணபதியில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே என் கணவரின் லேத் பட்டறை. பம்புக்கு உதிரி பாகங்கள் செய்துகொண்டிருந்தோம். அந்த வருடம் ஒரு பெரிய கம்பெனி, ராக்கெட்டுக்கு வேண்டிய வளையம் ஒன்றைச் செய்து தரச் சொன்னது. அரசாங்கத்து ராக்கெட்டுக்கு எங்களைப் போன்ற தனியாரிடம் ஏன் சாமான் வாங்குகிறார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை. "இனிமே எல்லாம் அப்படித்தான் அம்மணி" என்றார் கணவர். அவருக்கும் முழுசாகப் புரிந்த மாதிரி தெரியவில்லை.

இதற்காகப் பம்பு வேலையை அடியோடு நிறுத்திவிட்டார். வளையம் தேறாவிட்டால் லேத்தை விற்க வேண்டியதுதான். சோதனைக்காக அவரே அதை எடுத்துக்கொண்டு கேரளாவில் ராக்கெட் செய்யும் இடத்துக்கு ரயிலேறினார்.

எங்கள் வீட்டில் போன் கிடையாது. மறுநாள் மத்தியானம் பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்தார். "கண்ணு, உங்கூட்டுக்காரரு போன் பண்ணுனாரு. உட்டுப்போட்டாங்கன்னு சொல்லச் சொன்னாரு. அதுக்குள்ள லைன் கட்டாயிப்போச்சு."

எதை? அக்காவுக்குச் சந்தேகமே இல்லை, ராக்கெட்டைத்தான். கொண்டுபோன கையோடு பூட்டி ஏவிவிட மாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவர் தெருவுக்கே சொல்லிவிட்டார். நான் ரவையை வறுத்துக் கேசரி கிளற ஆரம்பித்தேன். பட்டறையில் வேலை செய்த அண்ணன் மட்டும் மிஷினை நிறுத்திவிட்டு வந்து நின்றார். "நம்முளுது வேண்டாம்னு உட்டுப்போட்டாங்களாட்ட இருக்குதுங்க" என்றார்.

அப்படியும் அர்த்தம் வருமே என்று அப்போதுதான் உறைத்தது. கிளறுவதா, இறக்கி வைப்பதா என்று தெரியாமல் அடுப்படியிலேயே அழுதேன். அதற்குள் தெருக்காரர்கள் வந்துவிட்டார்கள். அழுதுகொண்டே கேசரி கொடுத்தேன். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அடுத்த நாள் காலையில் வந்தவரை வாசலிலேயே மறித்தேன். "எதையுங்க உட்டுப்போட்டாங்க?"

"செக்கிங் முடிச்சு நம்ம சாமான உள்ள உட்டுப்போட்டாங்க. பாசாயிருச்சு. அது கெடக்கட்டும், ராக்கெட்டு எப்பப் போச்சு? வர்ற வழியெல்லாம் கை குடுக்கறாங்க."

சில மாதம் கழித்து டிவியில் ராக்கெட் கிளம்புவதைக் காட்டினார்கள். "இதுல நம்முளுது இருக்குதுங்களா?" என்று கேட்டேன். "அதையெல்லாம் நமக்குச் சொல்ல மாட்டாங்க" என்றார்.

எங்கள் வளையம் மேலே போனதா, ஏதோ ஒரு அலமாரியில் தூங்குகிறதா என்று இன்றுவரை தெரியாது. பெருமைப்படலாமா கூடாதா என்ற குழப்பமும் தீரவில்லை. ஆனாலும் எப்போது ராக்கெட் விட்டாலும் கேசரி கிளறிவிடுகிறேன். ஒருவேளை எங்களுடையது அதில் இருந்து, நான் சும்மா உட்கார்ந்திருந்தேன் என்றால் மனசு கேட்காது.