ஊதா வானத்துக் கோதண்டம்

பாரிவாக்கத்துக் கோதண்டத்துக்கு மண்ணூர்பேட்டையில் ஒரு பட்டறையில் தரம் பார்க்கும் வேலை. இரும்புத் தண்டு தலைமுடி கனம் கூடியிருந்தாலும் கண்டுபிடித்துத் தூக்கிப் போட்டுவிடுவார். காலையில் போனதும் முதல் காரியம், அளக்கிற கருவி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது. அந்தப் புத்தியெல்லாம் பட்டறை வாசலோடு சரி.

வீட்டில் அவர் ஒரு வீடியோ கேமுக்கு வக்கீல். குதிரையில் போய்ப் பூதங்களை வெட்டுகிற ஏதோ ஓர் ஆட்டம். பெயரைச் சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்பே, டிவியில் மாட்டி ஆடுகிற பழைய கன்சோல் பெட்டியில் ஆடித் தீர்த்தது. கம்பெனிக்காரன் அதையே துடைத்து அடுத்த கன்சோலுக்கு ஒரு தரம் விற்றான், அதற்கும் அடுத்ததற்கு இன்னொரு தரம் விற்றான். ஒரே சரக்கை மூன்று தடவை விற்றவன் நிம்மதியாகத் தூங்குகிறான். வாங்கியவர்கள்தான் மூன்றில் எது உசத்தி என்று இன்டர்நெட்டில் அடித்துக்கொள்கிறார்கள். குதிரை வாலில் எத்தனை முடி, பாலத்துக்கு அடியில் தண்ணீர் அசைகிறதா, இதற்கெல்லாம் படத்தில் சிவப்பு வட்டம் போட்டு, அப்பன் ஆத்தாளை இழுத்துத் திட்டு. நாலு கழுதை வயசானவர்கள் செய்கிற காரியமா இது?

கோதண்டத்தின் கட்சி இதுதான்: முதல் பதிப்பில் சாயங்கால வானத்தின் வலது மூலை ஊதாவாக இருந்தது, பின்னால் வந்த இரண்டிலும் வெறும் நீலம். கலையைக் கொன்றுவிட்டார்களாம்! ‘ஊதா வானம்’ என்று வாட்ஸ்அப் குழு தொடங்கினார். நானூறு பேர் சேர்ந்தார்கள். அதில் பாதிப் பேர் அந்த ஊதாவைத் தாங்களும் கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் செய்தார்கள். அடேயப்பா, என்ன கண்கள்!

அந்த வானத்தால்தான் மச்சான் வினோத்தோடு பேச்சு நின்றது. வினோத், மனைவி அனுசுயாவின் ஒரே தம்பி. கரையான்சாவடியில் செல்போன் கடை வைத்திருக்கிறான். இரண்டு வருஷத்துக்கு முன் தீபாவளிக்குப் புதுக் கன்சோலை ஆசையாகத் தூக்கிக்கொண்டு வந்தவன், “ஊதாவும் இல்ல, ஒண்ணும் இல்ல மாமா. உன் கண்ணுலதான் கோளாறு கீது” என்று சிரித்துவிட்டான். கோதண்டம் பாதிச் சாப்பாட்டில் இலையை விட்டு எழுந்தவர்தான்.

இப்போது மகள் காவ்யாவுக்கு மூன்று வயது, காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள்.

“எனக்கு இருக்கறது ஒரே தம்பி. அவன் மடி இல்லன்னா காதே குத்த வேணாம்” என்றாள் அனுசுயா.

“வரட்டும். பத்து பேரு எதிர்ல ஊதான்னு ஒத்துக்கினு அப்பால மடியில வெச்சிக்கட்டும்” என்றார் கோதண்டம். குழந்தை காதுக்கும் பொம்மை வானத்துக்கும் முடிச்சுப் போட்ட ஜென்மம் இவர் ஒருவராகத்தான் இருக்கும். அனுசுயா அழுதுகொண்டே அதைப் போனில் தம்பிக்குச் சொன்னாள். அவன் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

காது குத்துக்கு முந்தின நாள் மத்தியானம், வினோத் வாயை அடைக்க ஆதாரம் எடுக்கிறேன் என்று கோதண்டம் பரணிலிருந்து பழைய குண்டு டிவியை இறக்கினார். பழைய கன்சோலை மாட்டினார். படம் எடுக்க செல்போனைத் தூக்கிப் பிடித்தார். குதிரை வந்தது, சாயங்காலம் வந்தது, வானம் வந்தது. ஒரு மூலை பாக்கியில்லாமல் நீலம்.

டிவியைத் தட்டினார். ஒயரைப் பிடுங்கி மாட்டினார். நீலம்.

சீர்த் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்த அனுசுயா எட்டிப் பார்த்தாள். பரண் ஏணியில் ஏறி, தூசி படிந்த பழைய ஸ்பீக்கர் பெட்டியை இறக்கி டிவிக்கு வலது பக்கம் ஒட்டி வைத்தாள். வானத்தின் வலது மூலை மெல்ல ஊதாவானது.

“அதுக்குள்ள காந்தம் கீது, டிவி பக்கத்துல வெச்சா கலரு மாறிடும். கல்யாணம் ஆன புதுசுல சீரியல்ல மாமியாக்காரி மூஞ்சி பாதி ஊதாவா வரும். பொட்டிய தள்ளி வையின்னு எத்தினி வாட்டி சொன்னேன்? காதுல வாங்கினியா நீ?”

கோதண்டத்துக்கு முகம் சுண்டிப்போனது. நானூறு பேருக்குத் தலைவர்!

“தம்பிக்கு போன் போடு. தப்பு என்துதான்னு ஒரு வார்த்த சொல்லு.”

“நாளைக்கி நேர்லயே சொல்லிக்கிறேன்” என்றார்.

மறுநாள் அம்மன் கோயிலில் உறவு முழுக்கக் கூடியிருந்தது. ஆசாரி ஊசியோடு உட்கார்ந்துவிட்டார். காவ்யா, “மாமா எங்க?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நேரம் தாண்டப்போகிற சமயத்தில் வினோத் வந்தான். கையில் தட்டு, தட்டில் புதுத் தோடு, பட்டுப் பாவாடை. நேரே கோதண்டத்தின் எதிரில் வந்து நின்றான்.

“மாமா, வானம் ஊதாதான். எல்லார் எதிர்லயும் சொல்றேன். நான்தான் சரியா பாக்கல. போதுமா? கொயந்தய குடு.”

அனுசுயா புருஷனைப் பார்த்தாள். கோதண்டத்துக்கு உடம்பெல்லாம் கூசியது. ‘இல்லடா மச்சான்’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? மூச்சு விடுகிற நேரம். பெரிய மாமனார், சித்தப்பா, பட்டறைக்காரர்கள் என்று அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் மகளை நீட்டினார். வினோத் வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். ஊசி இறங்கியதும் குழந்தை வீறிட்டது. அவன் தன் கன்னத்தோடு அதை அணைத்துக்கொண்டு தானும் கண் கலங்கினான்.

பந்தியில் கோதண்டத்துக்கு அனுசுயாதான் பிரியாணி வைத்தாள். வைத்துவிட்டு, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

“ஜெயிச்சிட்ட இல்ல? துன்னு.”