ஈரக்கோணி போர்த்திய கார்

இன்று பஸ் பெருங்களத்தூரைத் தாண்டும்போது அக்கா மறுபடியும் அதையே கேட்டாள்.

எழுபதுகளில் ஒரு கத்திரி வெயில். சூரியனே நிழல் தேடி அலைந்த நாள். தாம்பரம் ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குக் கடைசி நேரம் என்று தந்தி வந்து, செங்கல்பட்டிலிருந்து அத்தானின் காரில் பறந்தோம். தண்ணீரே கேட்காத கார் அது. பின்னால் இருக்கும் இன்ஜினைக் காற்றுதான் ஆற்ற வேண்டும்.

காட்டாங்குளத்தூரில் இன்ஜின் எரிமலையானது. தண்ணீர்ப் பானைக்கு ஈரத்துணி சுற்றுவதுபோல, காற்றுப் போகும் ஓட்டைகள்மேல் அக்கா ஈரக்கோணியைப் போர்த்தினாள். அப்படியே ஓட்டினோம். காற்று அடைபட்டு, சிலிண்டர் ஹெட் வெந்து, பெருங்களத்தூரில் கார் நின்றேவிட்டது.

மீதி வழி ஓடினோம். அப்பா காத்திருக்கவில்லை.

"ஏண்டா, நான் அந்தக் கோணியப் போடாம இருந்திருந்தா அப்பாவப் பாத்திருப்போமா?"

"அட போக்கா! கோணி இல்லேன்னா அந்த டப்பா வண்டலூர்லயே படுத்திருக்கும். பெருங்களத்தூர் வரைக்கும் இழுத்துட்டு வந்ததே உன் கோணிதான்."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவளுக்கு ஃபேஸ்புக் கிடையாது. இன்ஜின் தெரிந்த மேதைகளே, உண்மையை இங்கேயே கமெண்டில் கொட்டித் தீர்த்துவிடுங்கள். வீட்டுக்கு வந்தால் காபியை மட்டும் குடித்துவிட்டுப் போங்கள்.